ஏழாம் நம்பர் மேடு ஏறவில்லை

ஆகஸ்ட் 2

ஏழாம் நம்பர் டம்ப்பர் இன்று மேட்டில் நின்றுவிட்டது. நின்றது என்பது சரியான சொல் அல்ல. பின்னால் வந்தது.

அறுபது டன் சுண்ணாம்புக்கல். எழுநூறு குதிரைத்திறன். சுரங்கக் குழியிலிருந்து, கல் உடைக்கும் கிரஷருக்கு ஏறும் பாதையில் பாதி தூரம் வந்ததும் இன்ஜின் அலறியது, சக்கரம் சுற்றவில்லை. பிறகு தவறான திசையில் சுற்றியது. பிரேக் முழுதாகப் பிடிப்பதற்குள் நாற்பது அடி. ஓட்டிவந்த செலஸ்டின் ஸ்டியரிங்கை ஒடித்துப் பின்பக்கத்தை ஓரத்து மண் கரையில் சாத்தி நிறுத்தினாள். ஐந்து நிமிடத்துக்கு முன் அதே இடத்தைத் தண்ணீர் லாரி கடந்து போயிருந்தது. யாருக்கும் அடியில்லை.

நான் போனபோது அவள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"அடிபட்டுச்சா?"

"வண்டிக்கா, எனக்கா?"

"உங்களுக்கு."

"மொதல்ல வண்டியப் பாருங்க சார். என்னைப் பாக்கத்தான் இத்தன பேரு நிக்கிறாங்களே."

திரும்பிப் பார்த்தேன். இருபது பேர் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 3

மேனேஜர் தண்டபாணி ஒரு படிவத்தை என் முன் தள்ளினார். விபத்து அறிக்கை. காரணம் என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள். ஓட்டுநர் தவறு. பராமரிப்புத் தவறு.

"மூணாவது கட்டம் இல்லையா சார்?"

"என்ன, விதின்னு ஒரு கட்டம் வேணுமா? தத்துவம் படிச்சவன ஒர்க்‌ஷாப்புல போட்டா இதான்."

பொறியியலுக்குப் பிறகு தத்துவம் எம்.ஏ. படித்தேன். கடைசிப் பரீட்சை எழுதவில்லை. எழுதாததை நான் மறந்தாலும் இவர் மறப்பதில்லை.

புது கியர்பாக்ஸ் வர ஆறு மாதம் ஆகும். ஆகவே இருப்பதைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, இங்கேயே சேர்க்க வேண்டும். இருபத்து நான்காம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வருகிறார். அதற்குள் வண்டி தயாராக வேண்டும். உள்ளே என்ன இருந்தது என்று நான் எழுதித் தர வேண்டும். ஒர்க்‌ஷாப் பொறுப்பு இரண்டு வருடமாக என்னுடையது.

"எழுதறதுக்கு என்ன இருக்கு மாறா, எனக்கு இப்பவே தெரியும். மேட்டுல முன்னாடி ஒரு வண்டி நின்னா பிரேக் போடாது அந்தப் பொண்ணு. ஆக்சிலேட்டர மிதிச்சே நிப்பாட்டி வெச்சிருக்கும். டிராக்டர் ஓட்டுன பழக்கம்."

விசாரணை முடியும்வரை செலஸ்டினுக்கு எடை மேடையில் சீட்டு எழுதும் வேலை. பதினெட்டு ஓட்டுநர்களில் அவள் ஒருத்திதான் பெண். பயிற்சிப் பட்டியலில் இன்னும் இரண்டு பெண்கள் காத்திருக்கிறார்கள். முதல் ஆளே வண்டியைக் கெடுத்தாள் என்று எழுதப்பட்டால் அந்தப் பட்டியல் எங்கே போகும் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 5

காலை எட்டு முதல் ஒன்று வரை கியர்பாக்ஸை இறக்கினோம். ஒரு டன்னுக்கு மேல் எடை. செயின் பிளாக் சங்கிலியில் தொங்கவிட்டு, நாலு விரல், நாலு விரலாக. ஃபிட்டர் கலியபெருமாள் இயந்திரங்களோடு பேசுகிறவர்.

"வாடி ராசாத்தி. அவசரப்படாத. ஒன் வூடு மாரி நெனச்சி எறங்கு."

"உங்க வீட்டிலயும் இப்படித்தான் பேசுவீங்களா அண்ணே?"

"அங்க நான் எங்க பேசறது? கேக்கறதோட சரி."

எண்ணெயை வடித்தோம். கருப்பு. தீய்ந்த வேர்க்கடலை வாசனை. கேன்களில் அளந்தோம், ஐம்பத்திரண்டு லிட்டர். கையேட்டின்படி எழுபது இருக்க வேண்டும். மீதி கசிந்திருக்கும்.

கலியபெருமாள் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். "கசிஞ்ச தடமே இல்லியே சார். காஞ்ச மண்ணுதான் அப்பிக் கெடக்கு."

மற்றபடி குறிப்பிட ஏதுமில்லை.

ஆகஸ்ட் 6

கழுவினோம். நாள் முழுக்க டீசல்.

ஆகஸ்ட் 8

பிரித்தாயிற்று.

தானாகக் கியர் மாறும் பெட்டி என்பது அடுக்குகள்தான். ஒரு இரும்புத் தட்டு, ஒரு உராய்வுத் தட்டு, மறுபடி இரும்பு. எண்ணெயின் அழுத்தம் வந்தால் அடுக்கு இறுகும், வண்டி நகரும். அழுத்தம் போதாவிட்டால் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். வழுக்கினால் எரியும். பிடிப்பது, விடுவது. இடையில் எதுவும் இருக்கக் கூடாது. இடையில் இருப்பதைப் பற்றி இரண்டு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தேன்.

முதல் இரண்டு கியர்களின் அடுக்குகள் போய்விட்டன. உராய்வுத் தட்டுகளில் பூச்சே இல்லை. இரும்புத் தட்டுகள் சூட்டில் மயில் கழுத்து நிறத்துக்கு மாறியிருந்தன. அழகாக இருந்தன என்று எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை, ஆகவே எழுதுகிறேன்.

மூன்றாம் கியருக்கு மேல் எல்லாம் நல்ல நிலையில். எரிந்தது சுமையோடு மேடேறும்போது பயன்படும் கியர்கள் மட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் செலஸ்டின் வந்தாள். டிபன் பாக்ஸை ஜன்னலில் வைத்துவிட்டு நேராகத் தட்டுகளிடம் போனாள். தொடவில்லை.

"இதான் எரிஞ்சதா?"

"ஆமா."

"நான் எரிச்சதா?"

"இன்னும் தெரியல."

"தெரிஞ்சதும் சொல்லுங்க. அங்க எடை மேடையில ஒவ்வொரு லாரிக்காரனும் கேக்கறான். 'ஏம்மா, ரிவர்ஸ்லயே மேடேறப் பாத்தியாமே'ன்னு. எத்தன நாளைக்குச் சிரிச்சிக்கிட்டே சீட்டு எழுதறது?"

துணியை எடுத்து, கேட்காமலேயே கியர்பாக்ஸின் ஒரு இரும்பு உறையைத் துடைக்க ஆரம்பித்தாள். ஒன்றரை மணி வரை துடைத்தாள். சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்பதை நான் கவனித்தேன் என்பதைத் தவிர இதில் எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 9

அய்யாக்கண்ணு வந்தார். இரண்டாம் ஷிப்டில் ஏழாம் நம்பரை ஓட்டுகிறவர். இங்கு வருவதற்கு முன் இருபது வருடம் லாரி. பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, இது கோயில் இல்லை என்று நினைவு வந்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். காலி வண்டிய எறக்கத்துல ஒரு தடவ நியூட்ரல்ல வுட்டிருப்பேன்."

"ஒரு தடவையா?"

"ரெண்டு தடவ."

"அண்ணே."

"சரி, டெய்லி. என்னா பண்றது? லாரிக்காரன் கை. எறக்கத்தப் பாத்தா தானா நியூட்ரலுக்குப் போவுது. டீசல் மிச்சம் பண்றதுக்குன்னே பொறந்த கை. அந்தப் பொண்ணு மேல பழி போவுதேன்னு ராத்திரி சோறு எறங்கல."

லாரியில் அது சிக்கனம். இந்தப் பெட்டியில் அது கொலை. இன்ஜின் மெதுவாக ஓடும், பின்பக்கத் தண்டு வேகமாகச் சுழலும், எண்ணெய் போய்ச் சேராது. பின் பேரிங்குகள் கருகியிருக்க வேண்டும்.

அவர் போனதும் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தேய்மானத்தின் தொடக்கம் இருக்கிறது. இன்னும் ஒரு வருடம் இப்படி ஓட்டினால் கருகும். இப்போது கருகவில்லை. அவர் அல்ல.

ஏமாற்றமாக இருந்தது என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறது.

ஆகஸ்ட் 11

மேனேஜர் சொன்னபடி ஆக்சிலேட்டரிலேயே நிறுத்தி வைத்திருந்தால் சூடு முதலில் தாக்குவது டார்க் கன்வெர்ட்டரை. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே எண்ணெயால் திறனைக் கடத்தும் அந்தப் பெரிய உருளை. இன்று திறந்தோம். உள்ளே இருந்த இதழ்கள் வெள்ளி மாதிரி இருந்தன. ஒரு நீலப் புள்ளி இல்லை.

"செலஸ்டின் இல்ல சார்," என்றார் கலியபெருமாள். "அய்யாக்கண்ணும் இல்ல. அப்ப யாருதான்?"

வண்டியின் லாக் புக்கைக் கேட்டு வாங்கினேன். மார்ச், மே, ஜூலை. மூன்று இடங்களில் செலஸ்டினின் குண்டு எழுத்து. "லோடோடு மேட்டில் பாதியில் இழுவை விடுகிறது. பார்க்கவும்." மூன்றின் கீழும் ஒரே பதில். "ஓட்டிப் பார்த்தாயிற்று. எண்ணெய் அளவு சரி." கீழே கையெழுத்து. கையெழுத்து யாருடையது என்று தெளிவாக இல்லை.

ஆகஸ்ட் 12

தெளிவாகத்தான் இருந்தது. என்னுடையது.

ஒவ்வொரு முறையும் பட்டறை வாசலில், சமதளத்தில், காலி வண்டியை ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடியது.

ஆகஸ்ட் 13

எண்ணெய்ப் பம்பின் பற்சக்கரங்கள். பற்களின் முகத்தில் சின்னச் சின்னக் குழிகள், அம்மைத் தழும்பு மாதிரி. எண்ணெய் மட்டும் போனால் குழி விழாது. எண்ணெயோடு காற்றும் போனால், அந்தக் குமிழிகள் அழுத்தத்தில் உடைந்து இரும்பைக் கொத்தும்.

பம்ப் காற்றைக் குடித்திருக்கிறது. ஏன் குடித்தது என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். உறிஞ்சு குழாயின் சீல். பார்த்தேன், முழுசாக இருக்கிறது. வடிகட்டி. பார்த்தேன், அடைப்பில்லை.

பல காரணங்கள் இருக்கலாம்.

ஆகஸ்ட் 14

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய். மேனேஜர் பாதுகாப்பு பற்றிப் பேசினார். "பாரத்த யார் தாங்க முடியுமோ அவங்கதான் தூக்கணும்" என்றபோது எல்லோரும் செலஸ்டினைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவளோடு இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். பயிற்சிப் பட்டியலில் இருப்பவர்கள். ஒருத்தி என்னைக் கேட்டாள்: "சார், நாங்க செப்டம்பர்ல வரலாமா, இல்ல பனியன் கம்பெனிக்கே போயிடவா? திருப்பூர்லேந்து வேன் வருது, இருபத்தெட்டாந்தேதி."

"ஏன் என்னைக் கேக்கறீங்க?"

"அக்காதான் சொல்லுச்சு. ஒங்க கையிலதான் இருக்குன்னு."

செலஸ்டின் மிட்டாய்த் தாளை எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 17

சென்னையிலிருந்து தட்டுகளும் சீல்களும் பம்பும் வந்து சேர்ந்தன. புது உராய்வுத் தட்டுகளை எண்ணெயில் ஊறப் போட்டோம். காய்ந்தபடி வைத்துச் சேர்த்தால் முதல் மேட்டிலேயே எரியும். ஊறட்டும், நாளை காலை வரை.

பேரிங்குகளின் சின்ன உருளைகளும் குண்டுகளும் சேர்க்கும்போது விழாமல் இருக்க வாஸலின் தடவி ஒட்ட வைக்க வேண்டும். கிரீஸ் கூடாது, கரையாமல் வடிகட்டியை அடைக்கும். வாஸலின் சூட்டில் உருகி எண்ணெயோடு போய்விடும். கலியபெருமாள் மருந்துக் கடைக்குப் போய்ப் பத்து டப்பா கேட்டிருக்கிறார்.

"கடைக்காரம்மா ஒரு மாரி பாத்துச்சு சார். 'இத்தன டப்பா யாருக்கு, வெடிப்பு அவ்வளவா இருக்கா'ன்னு கேட்டுச்சு. 'ஆமாம்மா, ஒரு டன்னு எடை, ரெண்டு வருஷமா மேடேறுது'ன்னேன். 'அய்யய்யோ, டாக்டர்கிட்ட காட்டுங்க'ன்னுச்சு."

நான் சிரித்தேன். இரண்டு வாரத்தில் முதல் முறை.

தட்டு தட்டாக அடுக்கினால் மனம் அமைதியாகிறது. இரும்பு, உராய்வு, இரும்பு, உராய்வு. இடைவெளியை அளந்து எழுது. சரியில்லையா, தட்டை மாற்று. மறுபடி அளந்து எழுது. இங்கே நேர்மையாக இருப்பது சுலபம்.

ஆகஸ்ட் 18

ஒவ்வொரு அடுக்கையும் சேர்த்த பிறகு எண்ணெய்த் துளையில் காற்றழுத்தக் குழாயை வைத்து ஊதிப் பார்க்க வேண்டும். டொப் என்ற சத்தம் வந்தால் அடுக்கு இறுகியது. இரண்டாம் கியர் அடுக்கில் டொப் வரவில்லை. புஸ் என்றது.

சேர்த்த நாலு மணி நேர வேலையையும் பிரித்தோம். ரப்பர் சீலின் உதட்டில் ஒரு கீறல். நகம் பட்ட அளவு. என் நகமாகத்தான் இருக்க வேண்டும், நான்தான் வைத்தேன்.

"வுடுங்க சார், இந்த அளவுக்கு ஒண்ணும் ஆவாது," என்றார் கலியபெருமாள். உடனே அவரே, "இல்ல. மாத்திடுவோம். மேல ஒக்காரப் போறது நம்ம இல்ல," என்றார்.

மாற்றினோம்.

ஆகஸ்ட் 19

டொப். டொப். டொப். ஆறும்.

சாப்பாட்டு நேரத்தில் செலஸ்டின் வந்து ஊதிப் பார்க்க வேண்டும் என்றாள். குழாயைக் கொடுத்தேன். முதல் கியரில் மட்டும் ஏழெட்டு முறை ஊதினாள்.

"நான் எழுதி வெச்சேன் சார். மூணு தடவ."

"பார்த்தேன்."

"பாத்தீங்களா, படிச்சீங்களா?"

பதில் சொல்வதற்குள் எடை மேடையில் லாரி ஹாரன் அடித்தது. அவள் போய்விட்டாள். லாரிக்கு நன்றி சொன்னேன், மனதுக்குள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 20

பெட்டி வண்டியில் ஏறியது. போல்ட்டுகள் ஒவ்வொன்றும் இறுக்கத்தை அளக்கும் குறடால், இரண்டு சுற்று. முதுகு நிமிரவில்லை.

ஆகஸ்ட் 21

இன்று எண்ணெய் ஊற்றினோம். பத்து லிட்டர் கேன், ஏழு. நானே எண்ணினேன். இன்ஜினை ஓட்டி, சூடேற்றி, அளவுக் கம்பியைச் செருகி எடுத்தேன். நிறைவுக் கோட்டுக்கு இரண்டு அங்குலம் மேலே நனைந்திருந்தது.

"அதிகமாயிடுச்சு சார். எறக்கிடலாமா?"

"வேண்டாம்."

"கம்பி சொல்லுதே."

"கம்பி பொய் சொல்லுது அண்ணே."

இதை எட்டு நாளாகத் தெரிந்துகொண்டு எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

டிசம்பரில் ஏழாம் நம்பரின் அசல் அளவுக் கம்பி உடைந்தது. புதிது வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். நான் ஒரு பித்தளைக் கம்பி எடுத்தேன். நாலாம் நம்பரும் இதே வண்டி, இதே பெட்டி, ஆகவே கம்பியும் ஒன்றே என்று நினைத்தேன். அதன் கம்பியைப் பக்கத்தில் வைத்து அதே நீளத்துக்கு வெட்டி, அதே இடத்தில் ரம்பத்தால் கோடு போட்டேன். அரை மணி நேர வேலை. எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமை. புதிது வாங்கும் சீட்டை நானே கிழித்துப் போட்டேன்.

இன்று டேப் வைத்து இரண்டு வண்டிகளின் குழாயையும் அளந்தேன். எண்ணெய் ஊற்றும் குழாய், அதில்தான் கம்பி தொங்கும். ஏழின் குழாய் நாலின் குழாயைவிட இரண்டு அங்குலம் குட்டை. ஆகவே அதே கம்பி இரண்டு அங்குலம் அதிகம் உள்ளே போகும். எண்ணெய் இரண்டு அங்குலம் குறைவாக இருக்கும்போதே கோடு நனைந்துவிடும். பதினெட்டு லிட்டர் குறைவு. சமதளத்தில் ஒன்றும் தெரியாது. சுமையோடு மேட்டில் ஏறும்போது எண்ணெய் பின்பக்கம் ஓடும், பம்பின் வாய் காற்றில் நிற்கும், அழுத்தம் விழும், தட்டு வழுக்கும்.

பாதி மேட்டில் இழுவை விடுகிறது. மார்ச், மே, ஜூலை.

கலியபெருமாள் டேப்பைச் சுருட்டினார். ரொம்ப நேரம் சுருட்டினார்.

"ரம்பத்த எடுத்துப் புதுக் கோடு ஒண்ணு போட்டா முடிஞ்சுது சார். கம்பி சரியாயிடும். நான் வாயத் தெறக்க மாட்டேன். என் புள்ளைங்க மேல ஆணை."

"அப்ப அந்தப் படிவத்துல எந்தக் கட்டம் அண்ணே?"

புதுக் கோடு போட்டேன், வண்டிக்கு அது வேண்டும். பழைய கோட்டை அழிக்கவில்லை.

ஆகஸ்ட் 22

அறிக்கையை முதலில் 'இயல்பான தேய்மானம்' என்று தொடங்கினேன். நல்ல சொல். யாரையும் தொடாத சொல். ஒரு பக்கம் எழுதினேன், சரளமாக வந்தது. என் ஆய்வுக் கட்டுரைகளும் இப்படித்தான் சரளமாக வரும். கிழித்தேன்.

இரண்டாவது ஏழு வரிகள். கடைசி வரியில் என் பெயர்.

விசாரணையில் மற்றவர்களோடு சேர்ந்து அவளும் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. எடை மேடைக்குப் போனேன். ஒரு லாரி இறங்கி அடுத்தது ஏறும் இடைவெளியில் சொன்னேன். கம்பி, குழாய், இரண்டு அங்குலம். கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த லாரி வந்தது. சீட்டு எழுதினாள், கிழித்தாள், கொடுத்தாள்.

"அன்னிக்கு அந்தத் தண்ணி லாரியில யாரு இருந்தா தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு பேரு. பேரச் சொல்லுங்க."

சொன்னேன்.

"மூணு தடவ எழுதுனேன். மூணு தடவையும் நீங்க கம்பிய நம்புனீங்க. நம்பிட்டுப் போங்க, அது இரும்பு—"

"பித்தளை."

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு இந்த நோட்டில் இடமில்லை.

"மேட்டுல என் கூட வந்து ஒரு தடவ, ஒரே ஒரு தடவ லோடோட ஒக்காந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல? ஏன் வரல?"

அவள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போனால் மற்றவர்கள் என்ன பேசுவார்கள் என்று யோசித்தேன். மார்ச்சிலேயே யோசித்தேன். அவளுக்காக யோசித்ததாக அப்போது நினைத்தேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை.

"போங்க சார். லாரி நிக்குது."

ஆகஸ்ட் 23

ஞாயிறு. துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 24

தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் மெல்லிய குரல்காரர். என் ஏழு வரிகளை இரண்டு முறை படித்தார்.

"எட்டு மாசமா எண்ணெய் அளவு பார்த்தது யாரு?"

"நான்."

"ஓட்டுநர் புகார் பண்ணியிருக்காங்களா?"

"மூணு தடவை."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"காலி வண்டியச் சமதளத்துல ஓட்டிப் பார்த்தேன். கம்பியப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்."

மேனேஜர் நாற்காலியில் முன்னால் வந்தார். "சார், தம்பி கொஞ்சம் உணர்ச்சிவசப்படுது. படிச்ச புள்ள. ரெண்டு வருஷத்துல தேய்மானம் சகஜம்தானே? அந்தப் பொண்ணு ஓட்டுற விதமும்…"

"ஓட்டுற விதத்துக்கு அறிக்கையில ஆதாரம் இல்லை," என்றார் மெல்லிய குரல். "இருந்தா காட்டுங்க."

மேனேஜர் முன்னால் வந்த நாற்காலியில் பின்னால் போனார். அந்த லாக் புக்கில் என் கையெழுத்துக்குக் கீழே மேலொப்பம் அவருடையது.

முடிவு. பராமரிப்புத் தவறு. செப்டம்பர் ஒன்று முதல் எனக்கு ஸ்டோர். உதிரிபாகங்களை எண்ணி அடுக்கும் வேலை. ஒர்க்‌ஷாப்புக்கு வேறு ஆள் வருவார். நாளை செலஸ்டின் ஓட்ட, ஏழாம் நம்பர் முழுச் சுமையுடன் மேடேற வேண்டும். ஏறினால் இருக்கை செலஸ்டினுக்கு, பயிற்சிப் பட்டியலும் நகரும். ஏறாவிட்டால் படிவம் மறுபடி திறக்கப்படும், ஓட்டுபவரையும் சேர்த்து.

வெளியே மேனேஜர் என் தோளில் கை போட்டார். அன்பாகவே சொன்னார்: "மூணாவது கட்டம் கேட்டல்ல? ஸ்டோர்ல நெறைய கட்டம் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் நட்டு."

ஆகஸ்ட் 25

காலை ஒன்பது. குழியில் சுமை ஏற்றினார்கள். கல் அள்ளும் இயந்திரம் கடைசிக் கரண்டியைக் கொட்டியபோது வண்டி ஒருமுறை உட்கார்ந்து எழுந்தது. கரையோரம் கூட்டம். அய்யாக்கண்ணு, கலியபெருமாள், மெல்லிய குரல்காரர், மேனேஜர். அந்த இரண்டு பெண்கள் குடை பிடித்துக்கொண்டு.

செலஸ்டின் ஏணியில் கால் வைத்தவள் நின்றாள்.

"எவ்வளவு ஊத்தியிருக்கீங்க?"

"எழுபது லிட்டர்."

"கம்பி பாத்தா?"

"கேன எண்ணி."

"சரி, ஏறுங்க. பக்கத்து சீட்டு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறினேன்.

முதல் கியர். பெட்டி இறுகுவது இருக்கையின் வழியே முதுகுத்தண்டில் தெரிந்தது. அழுத்தமானியின் முள் பச்சையில் நின்றது. மேடு தொடங்கியது. கண்ணாடியில் குழி மெல்ல இறங்கிக்கொண்டே போனது. பின்னால் இவ்வளவு ஆழம் இருக்கிறது என்று இரண்டு வருடத்தில் எனக்குத் தெரிந்ததில்லை. அன்று வண்டி சாய்ந்து மண் கரையில் பள்ளம் விழுந்த இடம் வந்தது. அவள் தாடை இறுகியது. முள் அசையவில்லை. இரண்டாம் கியர் விழுந்தது, ஒரு தட்டும் வழுக்காமல். பள்ளம் பின்னால் போயிற்று.

கிரஷரில் கல்லைக் கொட்டினாள். தொட்டி இறங்கியது. என் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"எறங்குங்க."

"கீழ வரைக்கும்…"

"நடந்து வாங்க."

கிரஷரிலிருந்து பட்டறைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், அதே பாதையில் முழுக்க இறக்கம். ஓரமாக நடந்தேன். காலி வண்டியோடு என்னைக் கடந்து போனாள், கியரிலேயே, நிதானமாக. நான் கால்வாசி தூரம் நடப்பதற்குள் அவளுக்கு மறுபடி சுமை ஏறிவிட்டது. எதிரே வந்தாள். இப்போது பார்க்க யாரும் இல்லை, கூட்டம் டீக்குப் போய்விட்டது. சோதனை முடிந்து இது வெறும் வேலை.

மண் கரையில் பள்ளம் விழுந்த அதே இடத்தில், அறுபது டன்னோடு, நடு மேட்டில், ஏழாம் நம்பர் நின்றது.

நான் இருபதடி தள்ளி இருந்தேன். எனக்காக நிறுத்தியிருக்கிறாள் என்று நினைத்தேன். ஏதோ சொல்லப் போகிறாள். கையைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நான்கைந்து அடி வைத்தேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறாள். பத்து வரை எண்ணியிருப்பாள். பிறகு பிரேக்கை விட்டாள். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் வரவில்லை. பிடித்தது. ஏறியது.

கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. இறக்கினேன். தூசி அடங்கும்வரை நின்றுவிட்டு மீதியை நடந்தேன். பட்டறையில் நாலாம் நம்பர் சர்வீசுக்கு வந்து நிற்கிறது, ஒன்றாம் தேதி ஸ்டோருக்குப் போக எனக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.